துரைக்குக் கடைந்த வெண்ணெய்

ரெங்கம் வட்டாரத்தில் என்னைப்போல் வெண்ணெய் கடைய ஆளில்லை என்று நேற்று ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லிவிட்டேன். இன்று சாயங்காலத் தேநீருக்கு, ரொட்டியில் தடவக் கேட்டுவிட்டார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் என் மருமகனின் கிராணி வேலை நிரந்தரமாவது அவர் கையில்தான் இருக்கிறது.

காலையில் பாலாடையைக் கடைந்தேன். தேங்காய் அளவுக்குத் திரண்டது. சிங்கப்பூர் டின் வெண்ணெய் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும்!

சாயங்காலம் குளித்துவிட்டு வந்தால், வீடெல்லாம் முருங்கைக்கீரை பொரிந்த வாசனை.

"என்னடி பண்ணுன?" என்று மனைவியைக் கேட்டேன்.

"இந்த வெக்கையில கெட்டுப்போயிருமேன்னு நெய்யா உருக்கிட்டேங்க. மணக்குது பாருங்க!"

வாசலில் மருமகன் குரல்: "மாமா, துரை கேக்குறாரு. வெண்ணெய் எங்க?"

நெய்யை மறுபடி வெண்ணெயாக்கும் வித்தை எனக்குத் தெரியும்தான், பதற்றத்தில் மறந்துவிட்டது. நினைவிருப்பவர்கள் உடனே சொல்லுங்கள்.