அகராதியை அறிந்தவர்

எழுபதுகளின் இறுதியில், காரைக்குடி மனமகிழ் மன்றத்தில் ஆங்கில எழுத்துக்கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம் ஆடுவோம். மலேயாவிலிருந்து திரும்பிய நகரத்தார் ஒருவர், தங்க விளிம்புக் கண்ணாடியும் மடிப்புக் கலையாத வேட்டியுமாக வருவார். ஆட்டத்துக்கென்றே அச்சிட்ட அவருடைய அகராதியில் உள்ள சொல்லே செல்லும். ஐயம் எழுந்தால், நாங்கள் அதைத் திறக்குமுன்பே "இருக்கு" அல்லது "இல்ல" என்பார். அவர் சொன்னது தவறியதே இல்லை.

ஒருநாள் எங்கள் கல்லூரி முதல்வர் ஆட்டம் பார்க்க அமர்ந்திருந்தார். ஆங்கிலப் பேராசிரியனான நான் நகரத்தாரிடம் தோற்கும் நிலையில் இருந்தேன். முதல்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் ஒரு சொல்லை அடுக்கினார். நான் தயங்கினேன்.

"சந்தேகமா இருந்தா பாருங்க சார். எதுக்கு யோசிக்கிறீக?"

அகராதியில் அச்சொல் இல்லை. விதிப்படி அவர் கட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள, அடுத்த சொல்லில் நான் வென்றேன்.

"என்னண்ணே, ஒங்க பொஸ்தகமே ஒங்களக் கவுத்திருச்சே!" என்று ஒருவர் சீண்டினார்.

"வயசாகுதுல்லப்பா. சார் ஜெயிச்சிட்டாக, காப்பி சொல்லு" என்றார் அவர்.

வீடு திரும்பும் வழியில்தான் நினைவு வந்தது. முந்திய மாதம் வேறொருவர் அதே சொல்லை அடுக்கியபோது, அகராதியைத் திறக்காமலேயே "இல்ல" என்றவர் அவர்தாம்.