கன்னையன் கூலியைச் சொன்ன நாள்

1985-இல் போடியில் கம்பெனிப் பங்குக்கு விண்ணப்பம் போட வேண்டுமென்றால் கன்னையனைத்தான் தேடுவார்கள். ஏலக்காய் ஏல மையத்தில் எடை போடுவது அவர் வேலை. மதுரையில் இருந்த ஒரு பங்குத் தரகர் அவரை உள்ளூர் ஆளாக வைத்திருந்தார். பஸ்ஸில் கட்டுக்கட்டாக விண்ணப்பத் தாள் வரும். ஒவ்வொன்றிலும் தரகரின் சீல், அதன் கீழே கன்னையனின் எண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாள்களோடு ஜீப்பில் மலையடிவாரக் குரங்கணிக்குப் போனார். அங்கே மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஜக்கம்மாள் எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"இம்புட்டுத் தூரம் வர்றியே அப்பு, உனக்கு என்ன கெடைக்கும்?"

முதுகுக்குப் பின்னால் பேசாமல் ஒருவர் நேராகக் கேட்டது கன்னையனுக்குப் பிடித்துப்போனது.

"உங்க காசுல ஒத்தப் பைசா தொட மாட்டேங்க்கா. உங்களுக்குப் பங்கு கெடச்சா, நூத்துக்கு ஒண்ணரை ரூவா கம்பெனி தரகருக்குக் குடுக்கும். அதுல பாதி எனக்கு. தாள்ல இருக்குற தரகர் சீலைப் பாத்துத்தான் குடுப்பாக."

"கெடைக்கலேன்னா?"

"உங்க பணம் திரும்பி வந்துரும். எனக்கு ஜீப்புக் காசு நட்டம்."

ஜக்கம்மாள் சிரித்துவிட்டாள். "அப்ப எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனின்னுதான் சொல்லுவ."

கன்னையன் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். "இந்தக் கம்பெனிக்கு ஆள் சேத்தா கமிஷன் போக எனக்குப் பரிசும் குடுப்பாக. ஆனா இவுக இன்னும் மிசினே வாங்கல. இந்தப் பம்புசெட்டுக் கம்பெனியில பரிசு இல்ல. நாலு வருசமா லாபத்துல ஓடுது. நீங்களே சொல்லுங்க."

அவள் பம்புசெட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டாள். ஐம்பது பங்கு, ஐந்நூறு ரூபாய்.

இரண்டு மாதம் கழித்து, ஏலம் நடந்துகொண்டிருந்தபோது உள்ளே வந்துவிட்டாள். கையில் கம்பெனிக் கடிதம், இடுப்பில் பலாப்பழம். "கன்னையா! அம்பதும் கெடச்சிருச்சுய்யா!" வியாபாரிகள் விலை கேட்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

பழத்தை அவர் வாங்க மறுத்தார். "எனக்குக் கமிஷன் வந்துரும்க்கா."

"அது கம்பெனி குடுக்குறது. இது நான் குடுக்குறது. பிடி."

அந்தப் பலாப்பழத்தை ஏல மையமே சேர்ந்து தின்றது. தின்றவர்களில் ஒன்பது பேர் அன்றே தாள் கேட்டார்கள். யாரும் கேட்பதற்கு முன்பே கன்னையன் தன் கமிஷனைச் சொல்லிவிட்டு, பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

மறுவருடம் கமிஷன் காசில் மொபெட் வாங்கி, மனைவி ஒச்சம்மாளைப் போடிமெட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார். மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் வண்டி ஏற மறுத்தது. இருவரும் இறங்கி, சிரித்துக்கொண்டே தள்ளினார்கள்.