மூட்டைக்கு ஒரு குத்து

1. ஆற்று முகத்தில்

சிங்கப்பூரிலிருந்து இருநூறு மூட்டை அரிசியோடு வந்த தொங்கான் என்ற சரக்குப் படகு, மலாயாவின் மெர்சிங் ஆற்று முகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. முகத்துவாரத்தில் மணல் திட்டு. பாரம் ஏற்றிய தொங்கான் அதைத் தாண்டி உள்ளே வராது. சம்பான் என்ற சிறு படகுகளில் இறக்கித்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வருஷத்துக்கு அதுதான் கடைசிப் படகு. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் மாசி வரைக்கும் கடல் வழி அடைபட்டுவிடும். அப்போது சரியான சாலையும் கிடையாது. ஊரும் பக்கத்து ரப்பர் தோட்டங்களும் அந்த அரிசியை நம்பித்தான் மழைக்காலத்தைத் தள்ள வேண்டும்.

அரிசிக் கடையின் மெர்சிங் கிளைக்கு நான் மேனேஜர். கையில் குத்தூசியோடு தொங்கானில் ஏறினேன். குத்தூசியை மூட்டையில் குத்தி இழுத்தால் கொஞ்சம் அரிசி வெளியே வரும். பார்த்து, முகர்ந்து, ஈரம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். பத்து மூட்டைக்கு ஒரு குத்து என்பது வழக்கம். அன்று நான் மூட்டைக்கு ஒரு குத்து குத்தினேன்.

காரணம் இருந்தது. முந்தைய படகில் நனைந்த மூட்டைகளைக் கவனிக்காமல் இறக்கிவிட்டேன். எல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிற்று. முதலாளி சிங்கப்பூரிலிருந்து வந்து, கடைவாசலில் நாலு பேர் பார்க்க, "கண்ண மூடிக்கிட்டா சரக்கு எறக்குனே?" என்று கேட்டார். "இனிமே குத்திப் பாக்காம ஒரு மூட்டையும் படகை விட்டு எறங்கக் கூடாது" என்பது அவர் உத்தரவு. அந்தக் கடைவாசல் எனக்கு ராத்திரியும் பகலும் மறக்கவில்லை.

தொங்கானை ஓட்டும் தலைவரைத் தெக்கோங் என்பார்கள். இவர் மலாய்க்காரர். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். ஊரில் எல்லாரையும் போல என்னை 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

"அலமாக்! காத்து மாறுது, நானா. எல்லாத்தையும் முதல்ல எறக்குங்க. கரையில வச்சு எத்தன குத்து வேணுமோ குத்துங்க."

"முதலாளி உத்தரவு" என்றேன்.

"முதலாளி இங்க இல்லயே லா."

"அதனாலதான்."

சாமர்த்தியமாகப் பதில் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு. மத்தியானத்துக்குள் அறுபது மூட்டை கரை சேர்ந்தது. ஈர மூட்டை நாலே நாலு அகப்பட்டது. அதற்குள் வடக்கே வானம் கறுத்து, திட்டின் மேல் அலை உடையத் தொடங்கியது. அடுத்த சம்பான் கவிழப் பார்த்தது. தெக்கோங் என்னைக் கடைசிச் சம்பானில் இறக்கிவிட்டு நங்கூரத்தை எடுத்தார். நூற்று நாற்பது மூட்டை சிங்கப்பூருக்கே திரும்பியது.

2. பாதிப் படி

அடுத்த நாள் வேறு வழியில்லாமல் ஒரு முடிவு எடுத்தேன், யாரையும் கேட்காமல். ஊர்க்காரர், தோட்டம், என் வீடு, எல்லாருக்கும் வழக்கமாக வாங்குவதில் பாதிதான். கூடுதல் விலை தருகிறேன் என்று வந்தவரையும் திருப்பி அனுப்பினேன்.

ஆற்றின் மேல்பக்கத் தோட்டத்துக் கங்காணி காத்தமுத்து, அறுபது பேருக்கு அரிசி வாங்கிப் போக வந்தவர். பாதியை அளந்து கொடுத்ததும் அதைக் கட்டிப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் ஆட்கள் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றுவிட்டு மரம் சீவப் போனார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஒரு பிள்ளை தேறவில்லை. கிழங்கினாலா, மழைக்காலத்துக் காய்ச்சலாலா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாது என்பது ஆறுதலாக இல்லை.

3. மாசிக்குப் பிறகு

கடல் திறந்ததும் முதலாளி முதல் படகிலேயே வந்தார். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவரோ, "ஒம் பேர்ல தப்பில்ல தம்பி. சொன்னபடிதான செஞ்சிருக்கே" என்று தோளில் தட்டினார். அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் காத்தமுத்து வந்தார். அவருக்கு முழு அளவும் கொடுத்து, படகு வரை தூக்கிவிட ஆளும் அனுப்பினேன். அவர் போகாமல் நின்றார். படகு திரும்பிய அன்று அவர் கரையில் நின்று பார்த்திருக்கிறார்; நான் குத்திக்கொண்டிருந்ததைச் சம்பான்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒண்ணு கேக்கலாமா நானா? அன்னைக்கு ஒவ்வொரு மூட்டையா குத்திக்கிட்டு இருந்தீங்களே, யாருக்குப் பயந்து?"

"முதலாளிக்கு" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்களுக்கும் கொஞ்சம் பயந்திருக்கலாம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருபது வருஷம் மேனேஜராக இருந்தேன். முடிவெடுக்க வேண்டிய ஒவ்வொரு சமயமும், இப்போது நான் யாருக்குப் பயப்படுகிறேன் என்று முதலில் என்னையே கேட்டுக்கொண்டேன். பெரும்பாலும் தப்பான ஆளாகத்தான் இருந்தது.