எட்டாயிரமாவது கதவு

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பாடம் எடுப்பவன் நான். போர்ட் எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அப்பேர்ப்பட்ட மேதாவி, விழுப்புரத்தில் எங்கள் வீட்டு ரௌட்டரிடம் ஒரு மாதம் மூக்குடைபட்டேன்.

ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வந்துவிட்டிருந்த நேரம். அந்த வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தவள், பால்காரம்மா வந்து பார்க்கும்வரை ஒரு மணி நேரம் ஈரத்திலேயே கிடந்தாள். எங்களோடு வந்துவிடச் சொன்னால், "உங்க ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்?" என்றாள். மறுபடி விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அருமை மகன் என்ன செய்தான்? திண்டிவனத்திலிருந்தே போனில் பார்க்க, கேமராவும் அதற்கொரு பெட்டியும் வாங்கி மாட்டினான்.

வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ரௌட்டர் கறாரான காவல்காரன். வெளியிலிருந்து யார் வந்தாலும் உள்ளே விடமாட்டான். போர்ட் என்பது அவன் காக்கும் எண் போட்ட கதவு. எட்டாயிரமாவது கதவைத் தட்டுகிறவனை, வீட்டுக்குள் ஐந்தாம் எண்ணில் இருக்கும் கேமராப் பெட்டியிடம் அனுப்பு என்று அவனிடம் எழுதிக் கொடுப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். இவ்வளவுதான் விஷயம். இதை நான் மூன்று வகுப்பு நடத்துவேன்.

எழுதிக் கொடுத்தேன். வீட்டு வைஃபையில் உட்கார்ந்தபடியே போனில் படம் பார்த்துவிட்டு, வெற்றி என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். வீட்டுக்குள் இருந்து பார்த்தால் அந்தக் கதவைத் தொடவே இல்லை என்று அர்த்தம். இதை ஒரு மாணவன் எழுதாமல் விட்டால் மார்க்கை வெட்டுவேன்.

ஆனாலும் அன்று மதியம் பஸ்ஸில் திரும்பும்போது பார்த்தால் படம் வந்தது. சாயங்காலம் போய்விட்டது. வீட்டின் வெளி முகவரி மாறினாலும் தேடிப் பிடிக்க வேறு ஏற்பாடு செய்திருந்தேன், அதில் கோளாறு இல்லை. ஞாயிறுதோறும் போய்ச் சரிசெய்வேன், அன்று சாயங்காலமே மறுபடி இருட்டு. தினமும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பொட்டில பச்சை லைட் எரியுதாம்மா?"

"எரியுது. நீ சாப்டியா? பேத்திக்கு சளி வுட்டுதா?"

"லைட்ட பாரும்மா மொதல்ல."

"பாத்துக்கினுதான் இருக்கேன். இன்னிக்கு மல்லாட்டை அவிச்சேன்."

லைட்டில் தொடங்கும் பேச்சு வேர்க்கடலை வழியாக அரைமணி நேரம் போகும். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் அங்கேயே தங்கியபோது குட்டு உடைந்தது. ஏழு மணிக்கு ஜெபமாலையைக் கையில் எடுத்த அம்மா, டிவி, ரௌட்டர், கேமராப் பெட்டி என்று வரிசையாக அணைத்தாள். "மாதாவுக்கு முன்னால மினுக் மினுக்குனு என்னாத்துக்கு?" என்றாள். ஜெபம் முடிந்து எல்லாவற்றையும் போட்டதும், வீட்டுக் கருவிகளுக்குத் தரும் எண்களை ரௌட்டர் புதிதாகப் பங்கிட்டது. அம்மாவின் போன் முந்திக்கொண்டு ஐந்தை வாங்கியது. சோம்பேறிக் கேமராப் பெட்டி மெல்ல விழித்து ஆறை வாங்கியது. நெட்வொர்க் வாத்தியார் ஒரு மாதமாக அம்மாவின் போனுக்குள் கேமராவைத் தேடியிருக்கிறார்.

ஐந்தாம் எண்ணைக் கேமராப் பெட்டிக்கே பட்டா போட்டுக் கொடுத்தேன். அதன்பின் ஜெபநேரம் தவிர எப்போதும் படம் வந்தது. ஊருக்குப் போகவும் வேலையில்லை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே பத்து நொடி பார்ப்பேன். நடக்கிறாள், உட்கார்ந்திருக்கிறாள், சரி. போனைப் பைக்குள் போட்டுவிடுவேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள், ஜெபம் முடிந்து வெகுநேரம் ஆகியும் படம் வரவில்லை. விழுந்துவிட்டாளோ என்று உடனே அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பொட்டி ஏன் அணைஞ்சி கெடக்குது? கரண்ட் இல்லியா?"

"கரண்ட்லாம் இருக்கு. நான்தான் போடல."

"ஏம்மா?"

"அது எரிஞ்சா நீ போன் பண்றதில்ல. நீ என்னைப் பாத்துக்கினே இருக்க. நான் உன்னைப் பாத்து மூணு வாரம் ஆவுது."

எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வர்றேம்மா" என்றேன்.

"எதுக்கு, பொட்டியப் பாக்கவா?" என்று கேட்டாள்.