ஈயத்துக்கு விட்ட இடம்

படகுச் சங்கத்தின் சலவை அறையில் வேலை பார்த்த அவளை எல்லோரும் நங்கூரம் என்றுதான் கூப்பிட்டார்கள். பாரியான உடம்பு. பேருந்தில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்துவிடுவார். முனகாமலும் இருக்க மாட்டார். அந்த உடம்புக்கு முதன்முதலில் மரியாதை கொடுத்தவர் பல் டாக்டர். துண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை என் படகுக்கு வர்றியாம்மா? சும்மா உட்கார்ந்தா போதும்," என்றார்.

சும்மா என்பது அவர் சொன்ன வார்த்தை. பந்தயத்தில் பாய்மரப் படகு காற்றுக்கு ஒரு பக்கம் சாயும்போது, எதிர்ப்பக்கத்து விளிம்பில் ஏறி உட்கார்ந்து, முதுகை வெளியே நீட்டி, அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அலை முகத்தில் அறையும். படகு திரும்பினால் பாயின் அடிக்கட்டைக்குக் கீழே தவழ்ந்து மறுவிளிம்புக்குப் பாய வேண்டும். அசந்தால் மண்டை உடையும். நங்கூரம் கற்றுக்கொண்டாள். ரசித்தாள் என்றே சொல்ல வேண்டும். சுமை, சுமை என்று கேட்டுப் புளித்த காது, காற்று வலுக்கும்போது "எங்கப்பா நம்ம நங்கூரம்? சீக்கிரம் வரச் சொல்லு!" என்று கேட்டது.

காற்று இல்லாத நாளில் அவளைக் கரையில் விட்டுவிட்டுப் போவார்கள். கனம் வேகத்தைக் குறைக்குமாம். அதனால் ஞாயிறு காலையில் எழுந்ததும், கொடியில் கிடக்கும் துணி ஆடுகிறதா என்று பார்ப்பாள்.

"ஊரே புயல் வரக்கூடாதுன்னு பயப்படுது, இவ ஒருத்தி வராதான்னு ஏங்குறா," என்று அண்ணி சிரிப்பாள்.

"சிரிங்க அண்ணி. அங்க மட்டும்தான் தள்ளி உட்காருன்னு என்னை யாரும் சொல்றதில்ல."

கோப்பை வாங்கினார்கள். செய்தித்தாளில் வந்த படத்தில் அவள் தோள் மட்டும் இருந்தது.

சில வருஷம் கழித்து டாக்டர் புதுப் படகு வாங்கினார். சின்னது. நீருக்கடியில் நின்று படகைக் கவிழாமல் காக்கும் கீல் என்ற கனத்த தகட்டை, இதில் கைப்பிடியைச் சுற்றி மேலே இழுத்துக்கொள்ளலாம். இழுத்தால் ஆழமில்லாத கரைவரை குடும்பத்தோடு சுற்றி வரலாம். இறக்கினால் பந்தயம் ஓடலாம். கீலின் நுனியில் ஈயக் கட்டி.

"சனிக்கிழமை வந்துடும்மா. நீ இல்லாம சோதிச்சுப் பார்க்க முடியாது," என்றார். சனிக்கிழமை அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். புதுப் படகில் தன் இடம் எது என்று பார்க்கத்தான் அந்த ஓட்டம்.

துறையில் கட்டியிருந்த படகின் விளிம்பில் உட்காரச் சொன்னார். கீல் மேலே இருந்தது. படகு அவள் பக்கம் நன்றாகச் சாய்ந்தது. டாக்டரின் ஒல்லிப்பிச்சான் மச்சினர் கைப்பிடியைச் சுற்றினார். கீல் இறங்க இறங்க, படகு அவளையும் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தது.

"வெளியே சாயும்மா! இன்னும்! முழுசா!"

சாய்ந்தாள். வயிறு வலிக்கச் சாய்ந்தாள். படகு அசைந்து கொடுக்கவில்லை. டாக்டர் கைதட்டினார்.

"பார்த்தீங்களா மச்சான்? ஓரத்துல ஆளே வேண்டாம். நாம ரெண்டு பேரும் என் பொண்ணும் போதும்."

தான் வேண்டாம் என்பதை நிரூபிக்கத் தன்னையே கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"டாக்டர், நான் பாய்க் கயிறு பிடிக்கிறேன். இத்தனை வருஷமா பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்?"

"அதுக்கு லேசான ஆளு வேணும்மா. இது பிசிக்ஸ். நான் என்ன பண்ண?"

பாவம், பிசிக்ஸ். ஈயம் கனமானது என்பதோடு அது நிறுத்திக்கொள்ளும். ஒரு மனுஷியை இத்தனை வருஷம் ஈயமாக வைத்திருக்கச் சொன்னது அதுவல்ல. இவளுக்குக் கயிற்றைக் கொடுக்காதே என்று எந்தச் சூத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. முன்பு தலைவிதி என்று கைவிரித்தவர்கள் இப்போது விஞ்ஞானம் என்று கைவிரிக்கிறார்கள். கை என்னவோ அதே கைதான்.

அவள் துறைமேடையில் கால் வைத்து இறங்கினாள்.

"அட, இவ இறங்குனதுகூடப் படகுக்குத் தெரியல மச்சான்!" டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சுது டாக்டர்," என்றாள் நங்கூரம், மேடை முழுக்கக் கேட்கும்படி.

மச்சினர் நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் அவள் பக்கம் திரும்பாமலே அவரிடம் கீலை மறுபடி மேலே இழுக்கச் சொன்னார்.