கமர்ஜஹான் வீட்டு அடுப்படிக் காற்று

பேகம்பூரில் கமர்ஜஹான் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் அது முதலில் ஒரு சாண் அகலத்துக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் ஒரு கண் தெரியும். வந்தது யார், கையில் என்ன இருக்கிறது, பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று அந்தக் கண் பார்த்து முடித்த பிறகுதான் மீதிக் கதவு.

அதற்குக் காரணம் இருந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த கணவர் இஷாக் இடுப்பு விட்டுப்போய் வீட்டோடு உட்கார்ந்த வருஷம், அவள் டீக்கடைகளுக்கு வெங்காய சமோசா போட ஆரம்பித்தாள். தொழில் ஒருவழியாகப் பிடிபட்ட நேரத்தில், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இரண்டு பேர் தெருவுக்கு வந்தார்கள். வீட்டில் தொழில் செய்யும் பெண்களுக்கு ஏதோ உதவி வரப்போகிறது என்றார்கள். யார் வீட்டில் எத்தனை அடுப்பு என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். சூடாக இருந்த சமோசாவைத் தின்று, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டும் போனார்கள். உதவி வரவில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள். குடியிருக்கிற வீட்டில் இவ்வளவு பெரிய அடுப்பு எரிக்கக் கூடாது என்று அதை இடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் யார், எந்த ஆபீஸ் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அடுத்த வாரமே மண்ணைக் குழைத்து அடுப்பைத் திரும்பக் கட்டிவிட்டாள். சிரித்த முகத்தோடு வந்து கேள்வி கேட்கிற எவரையும் அதற்குப் பிறகு அவள் நம்பியதில்லை.

இஷாக் காலமாகிவிட்டார். மகன் ரஃபி பைக்கில் சமோசாவைக் கடைகளுக்குக் கொண்டுபோகிறான். அவன் மனைவி பாஸிலா மாமியாரோடு அடுப்படியில் நிற்கிறாள். இப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் ஒரு காலை நேரத்தில், முதுகில் பை மாட்டிய ஒரு பெண் கதவைத் தட்டினாள்.

"அம்மா, எம் பேரு ஜீவிதா. வடமதுரைப் பக்கம். இப்ப நெதர்லாந்துல படிக்கிறேன்."

கதவு ஒரு சாணிலேயே நின்றது.

"அம்புட்டு தூரம் போயி படிக்கிற புள்ளைக்கு எங்க அடுப்பாங்கரையில என்ன வேலை?"

ஜீவிதா பொறுமையாகச் சொன்னாள். அவள் படிப்பில் பாதி வருஷம் சொந்த மாவட்டத்துக்குத் திரும்பி வந்து, மக்களோடு சேர்ந்து ஒரு ஆராய்ச்சி செய்ய வேண்டும். விறகடுப்பில் தொழில் செய்யும் பெண்கள் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று அவள் பார்க்கப் போகிறாள். சமூகத்துக்குப் பயன்படும் என்றாள்.

"ஏன், வடமதுரையில யாரும் அடுப்பு பத்த வைக்கிறதில்லையா?"

"அங்க போனா என் ஆராய்ச்சியப் பத்தி யாரும்மா பேசுறா? என் கல்யாணத்தப் பத்தித்தான் பேசுறாங்க."

உள்ளே பாஸிலா சிரித்துவிட்டாள். கமர்ஜஹான் சிரிக்கவில்லை. சமூகம், பயன் என்ற இரண்டு சொல்லும் அவள் காதில் மாட்டிக்கொண்டன. கழுத்தில் அட்டை போட்டவர்களும் இதைத்தான் சொன்னார்கள்.

ஆனால் தெருவில் மற்றவர்கள் எல்லாரும் சரி என்றுவிட்டார்கள். முறுக்குச் சுடுகிற பக்கத்து வீட்டு பாத்துமுத்து முதல் ஆளாகத் தலையாட்டியிருந்தாள். நாம் மட்டும் மாட்டோம் என்றால் நம் வீட்டில் என்னவோ இருக்கிறது என்று நினைப்பார்கள் என்று கமர்ஜஹான் கணக்குப் போட்டாள். கதவைத் திறந்தாள்.

ஜீவிதா ஒரு தாளை எடுத்து முழுவதையும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். பிறகு சோற்று டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டியை அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஆணியடித்து மாட்டினாள். அது காற்றை உறிஞ்சிப் புகையை அளக்குமாம். ஒரு வாரம் தொங்கட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பெட்டியின் முகத்தில் பச்சை விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது.

"கேமராவா இருக்குமோ?" என்றாள் கமர்ஜஹான்.

"கேமரா இல்ல மாமி. அதான் சொன்னாங்கல்ல."

"சொன்னாங்க, சொன்னாங்க. யாருதான் சொல்லாம வந்தா?"

அன்று முழுவதும் அந்தப் பச்சை விளக்கு தன் முதுகைப் பார்த்துக்கொண்டே இருப்பதுபோல அவளுக்குப் பட்டது. மறுநாள் எண்ணெய்ச் சட்டியை ஏற்றும் முன் பெட்டியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோனாள். தண்ணீர்த் தொட்டி நிழலில், துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினாள். அந்த வாரம் முழுக்க இதுதான் நடந்தது. கருவேல விறகின் புகை கூரையைத் தொட்டுத் திரும்பிக் கீழே இறங்கியபோதெல்லாம் பெட்டி மாடியில் நல்ல காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பாஸிலா பார்த்தாள். முந்தானையில் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே சமோசா மடிக்கும் மைதாப் பட்டையைச் சுட்டு அடுக்கினாள்.

எல்லா வீட்டுப் பெட்டிகளையும் எடுத்துப்போன சில நாட்களில் ஜீவிதா ஓட்டமும் நடையுமாக வந்தாள். கூடவே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை. மாணவர்களின் வேலையைப் பார்க்க வந்தவராம்.

"அம்மா, இந்தத் தெருவுலயே உங்க அடுப்படிக் காத்துதான் சுத்தமா இருக்கு! அதே விறகு, அதே எண்ணெய். நீங்க மட்டும் அப்படி என்ன பண்றீங்க?"

கண்டுபிடித்துவிட்டார்கள், தன் வாயாலேயே வரவைக்கப் பார்க்கிறார்கள் என்று கமர்ஜஹான் நினைத்தாள். ஜீவிதாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அதில் கள்ளம் தெரியவில்லை. கள்ளம் தெரியாத முகம்தான் ஆபத்து என்று மனம் சொன்னது.

"ஜன்னல தொறந்து வச்சிருப்பேன். வேற என்னத்த?" என்றாள்.

பேராசிரியை அந்தச் சின்ன ஜன்னலை நாலு பக்கமும் அளந்தார், படம் எடுத்தார், அடுப்புக்கும் அதற்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொண்டார். போகும்போது கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை கமர்ஜஹான் கதவிடுக்கில் நின்று பார்த்தாள்.

அடுத்த வாரம் ஒரு பகலில் பக்கத்து வீட்டில் சுவர் இடிபடும் சத்தம் கேட்டது. கமர்ஜஹான் போய்ப் பார்த்தாள். கொத்தனார் பாத்துமுத்துவின் அடுப்படிச் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். செங்கல் பொடி பறந்தது.

"ஒன்னையப் பாத்துத்தான் கமரு," என்றாள் பாத்துமுத்து. "அந்தப் புள்ள எல்லாருக்கும் படம் காட்டுச்சு. ஒங்க வீட்டு ஜன்னல் மாதிரியே, அதே உசரம். எனக்கும் நெஞ்சு எரிச்சல் தாங்கலை."

கமர்ஜஹான் வீட்டுக்கு வந்து அரிவாள்மனையின் முன் உட்கார்ந்தாள். வெங்காயத்தை எடுத்தாள், அரியவில்லை.

"மாமி," என்றாள் பாஸிலா மெதுவாக. "நம்ம ஜன்னலு அம்புட்டு நல்ல ஜன்னலா இருந்தா எனக்கு ஏன் இம்புட்டு இருமலு?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து மருமகள் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இதையும் எதிர்த்துப் பேசியதாகச் சொல்ல முடியாது.

கமர்ஜஹான் புர்காவை மாட்டிக்கொண்டு ஜீவிதா தங்கியிருந்த அறைக்குப் போனாள். உட்காரக்கூட இல்லை.

"பெட்டி மாடியில இருந்துச்சு," என்றாள். "அடுப்பு எரியிறப்பல்லாம் மாடியில."

ஜீவிதாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. எண்கள் நம்ப முடியாதபடி இருந்ததால் பெட்டி பழுதோ என்று அவள் திரும்பத் திரும்பச் சோதித்திருந்தாள். பெட்டியைச் சந்தேகப்பட்டாளே தவிர இந்த அம்மாவைச் சந்தேகப்படவில்லை. பேராசிரியை வேறு, நெதர்லாந்து போன கையோடு அங்கே ஒரு கூட்டத்தில் இந்த ஜன்னலைப் பற்றிப் பேசிவிட்டார்.

"ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க? எதுக்கு வந்தேன்னு எல்லாத்தையும் படிச்சுக் காட்டுனேனே!"

"படிச்சே. சொல்லலை. நான் கேக்குறேன், இப்பச் சொல்லு. இதுல ஒனக்கு என்ன?"

"சமூகத்துக்கு..." என்று ஆரம்பித்த ஜீவிதா நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. "எனக்குப் பட்டம்மா. இந்த ஆராய்ச்சி முடிக்காட்டி பட்டம் தர மாட்டாங்க. எங்கப்பா முருங்கைக்காய் வித்து என்னைய அனுப்பியிருக்காரு. வெறுங்கையோட வீட்டுக்குப் போக முடியாது."

கமர்ஜஹான் அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சமூகம் என்றபோது வந்த பயம், பட்டம் என்றதும் பாதி இறங்கிவிட்டது. தனக்கென்று எதுவும் வேண்டாம் என்கிறவரை அவளுக்கு எப்படிப் பிடித்துவைப்பது என்று தெரியாது. இந்தப் பெண்ணுக்கு ஒன்று வேண்டியிருக்கிறது. அதற்குத் தேவையான புகைக் கணக்கு தன் அடுப்படியில் இருக்கிறது.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்றாள். "பெட்டியக் கொண்டாந்து மாட்டு. ஆனா எங்க பேரு, கதவு நம்பரு எதுவும் எங்கயும் வரக் கூடாது. என்ன எழுதுனாலும் வெளிநாட்டுக்குப் போறதுக்கு முந்தி எங்க தெருவுல வந்து தமிழ்ல சொல்லணும்."

ஜீவிதா ஒத்துக்கொண்டாள். பேராசிரியைக்கு நடந்ததை எழுதித் திட்டு வாங்கினாள். ஊரில் தங்கும் நாளை நீட்டிக்கொண்டாள். பெட்டி இந்த முறை ஆணியை விட்டு நகரவில்லை.

முடிவைச் சொல்ல எல்லாப் பெண்களும் பாத்துமுத்து வீட்டில் கூடினார்கள். ஜீவிதா பெயர் சொல்லாமல், எல்லாவற்றிலும் மோசமான ஒரு வீட்டுக் காற்றைச் சுவரில் கோடு போட்டுக் காட்டினாள். எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. கமர்ஜஹான் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாஸிலா இருமலை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதமே ரஃபி தகரப் பட்டறையில் சொல்லி, அடுப்புக்கு மேலே ஒரு கூண்டும் மாடிவரை போகும் புகைக்குழாயும் வைத்தான். பாஸிலாவை எண்ணெய்ச் சட்டிப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லி, பட்டையில் மசாலா வைத்து மடிக்கும் வேலையை முன்னறைக்கு மாற்றினாள் கமர்ஜஹான். இருமல் உடனே போய்விடவில்லை. மழைக்காலத்துக்குள் குறைந்தது. ஜீவிதா நெதர்லாந்து திரும்புமுன் குழாய் வைத்த வீடுகளை மறுபடி அளந்தாள். புகை பாதிக்குக் கீழே வந்திருந்தது. தன் ஆராய்ச்சியில், தவறாக அளந்த வாரத்தைப் பற்றியும் அது ஏன் நடந்தது என்பதைப் பற்றியும் அவள் ஒரு பகுதி எழுதினாள். பட்டத்துக்காக அவளைக் கேள்வி கேட்டவர்கள் அதைத்தான் அதிகம் விசாரித்தார்களாம்.

பட்டம் வந்ததும் தமிழ்ச் சுருக்கத்தை பாஸிலாவின் போனுக்கு அனுப்பினாள். கமர்ஜஹான் மருமகளை உட்காரவைத்து முதலிலிருந்து கடைசிவரை படிக்கச் சொன்னாள். தெருப் பெயர் இல்லை. யார் பெயரும் இல்லை.

"இன்னொருவாட்டி படி," என்றாள்.

பாத்துமுத்து கமர்ஜஹானோடு பேச நோன்புப் பெருநாள் வரை ஆனது. பெட்டி மாடிக்குப் போன உண்மை அவளுக்குத் தெரிந்தபோது சுவர் இடிந்து முடிந்திருந்தது. தகரக் குழாயை அவளும் வைத்தாள். ஆனால் அந்த ஓட்டையை அடைக்க மறுத்துவிட்டாள். இப்போது அங்கே ஒரு மரச் சட்டம் வைத்த ஜன்னல் இருக்கிறது. அது சரியாகக் கமர்ஜஹானின் வாசலைப் பார்த்துத் திறக்கிறது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பாத்துமுத்து முறுக்குப் பிழிந்துகொண்டே பார்க்கிறாள்.