புது வக்காலத்து

இந்த விருந்துக்கு வந்து நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும், அக்காவின் ஆபீஸ் படியேறி வந்து பழகியவர்களுக்கும் வணக்கம். எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா மட்டும், "கிண்டல் பண்ணாம எழுதுடா, படிக்கிறவங்க பெரியவங்க" என்றார். அக்காவைப் பற்றிக் கிண்டல் இல்லாமல் எழுதினால் அது வேறு யாரைப் பற்றியோ எழுதியது போல் ஆகிவிடும். அம்மாவும் பெரியவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கடலூர் முதுநகரை ஒட்டிய எங்கள் குப்பத்தில். அப்பா கடலுக்குப் போனவர், அம்மா கூடையில் மீன் விற்றவர். நான் அம்மாவிடம் அடி வாங்கும்போதெல்லாம் நடுவில் வந்து நிற்பது அக்காதான். "அவனுக்கு வக்காலத்து வாங்கிகினு வராத" என்று அம்மா அவருக்கும் சேர்த்து ஒன்று வைப்பார். சுனாமிக்குப் பிறகு வீட்டுக்கு மனு எழுத ஆள் தேடி ஊரே அலைந்தபோது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அக்காதான் எங்கள் தெருவுக்கே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே வக்கீலாவது என்று முடிவு செய்துவிட்டதாகப் பிறகு சொல்வார். அப்பா இறந்தும் அந்த முடிவு மாறவில்லை. அம்மா கூடை சுமந்தார், அக்கா சட்டம் படித்தார்.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு மீன் வண்டி ஓட்டக் கிளம்பியபோது, "ஊட்டுக்கு ஒருத்தர் படிச்சா போதும். இன்னொருத்தர் உருப்படியா இருக்கட்டும்" என்றேன். "அதுல நீ எதுடா?" என்று கேட்டார் அக்கா.

கூடப் படித்த பாஸ்கர் சாரும் அக்காவும் சேர்ந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் ஆபீஸ் போட்டார்கள். சிதம்பரத்திலும் ஓர் அறை எடுத்தார்கள். பணம் கொடுக்க முடியாதவர்களின் வழக்கை எந்தக் காலத்திலும் திருப்பி அனுப்புவதில்லை என்பது ஆபீஸ் திறந்த அன்றே இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. அதிலும் அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஃபீஸ் கொடுக்கிறவர்கள் வெளியே காத்திருக்க, இலவச வழக்குக்காரர்களைத்தான் முதலில் உள்ளே கூப்பிடுவார். பெண்ணாடத்திலிருந்து வந்த ஒரு கரும்பு விவசாயி, "காசு குடுத்த நான் குந்திகினு இருக்கேன், ஓசியில வந்தவங்க உள்ள போறாங்களே" என்று கோபப்பட்டார்.

"நீங்க குந்துவீங்க சார். காசு குடுத்திருக்கீங்க, உரிமையா குந்துவீங்க" என்றார் அக்கா. "அவுங்க கொஞ்ச நேரம் பாப்பாங்க. நாம தொந்தரவு பண்றோம் போலன்னு எழுந்து போயிடுவாங்க. போனா திரும்பி வரமாட்டாங்க."

நான் அவரை 'ஓசி வக்கீல்' என்றுதான் கூப்பிடுவேன். "சரிடா ஓசி வக்கீல் தம்பி, வண்டிய எடு, குறிஞ்சிப்பாடி போவணும்" என்பார். கல்யாணப் பேச்சை எடுத்தால், "என்னைக் கட்டிக்கிறவனுக்குக் கடைசிவரைக்கும் வாய்தாதான்" என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்துவிடுவார். புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் புதுச்சேரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பாஸ்கர் சாரிடம் போனில் வழக்கு பேசினார். நர்ஸ் திட்டினால், "இது கடைசிம்மா" என்பார். அடுத்த போன் உடனே வரும்.

அக்கா போன பிறகு நடந்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கருமாதி முடியவில்லை. வீடு நிறையச் சொந்தம். பாஸ்கர் சார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு சிக்கல். வக்கீல் இறந்துட்டா அவுங்களுக்குக் குடுத்த வக்காலத்தும் முடிஞ்சிபோச்சி. கட்சிக்காரங்க புதுசா கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"நீங்களும் அதுல இருப்பீங்க இல்ல சார்?"

"ஃபீஸ் வாங்குற கேஸ்ல எல்லாம் எங்க ரெண்டு பேரு பேரும் இருக்கு. ஓசி கேஸ் பூரா உங்க அக்கா பேரு மட்டும்தான். எதுனா தப்பாச்சின்னா கெட்ட பேரு எனக்கு வரக்கூடாதுன்னு நெனச்சிருக்கு. இப்பதான் ஃபைலப் பாத்தேன். உங்க அக்கா என்னை எப்பிடி நம்பியிருக்கு பாரு." அவருக்குக் கண் கலங்கியது. கோபத்திலா துக்கத்திலா என்று எனக்குத் தெரியவில்லை.

காசு கொடுத்தவர்கள் தாங்களே தேடி வருவார்கள். இந்த ஜனங்களுக்கு வக்காலத்து முடிந்துபோனதே தெரியாது. அதிலும் அஞ்சலையம்மா வழக்கு அந்த வாரமே சிதம்பரம் கோர்ட்டில் வருகிறது. பரங்கிப்பேட்டைப் பக்கம் கருவாடு போட்டுப் பிழைக்கிறவர் அவர். புருஷன் இறந்ததும், வீடு என்னுடையது, வெளியே போ என்று கொழுந்தன் போட்ட வழக்கு. அஞ்சலையம்மா பக்கம் யாரும் நிற்காவிட்டால், கோர்ட்டு அவகாசம் கொடுத்தாலும் கொடுக்கும், ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னாலும் சொல்லும். சொல்லிவிட்டால் அவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் தெருவில்தான்.

அன்று முதல் துக்கம் விசாரிக்க வந்த கட்சிக்காரர்களை விடவில்லை. அழுது முடித்ததும் ஒவ்வொருவரிடமும் பேனாவை நீட்டினேன். எங்கள் அத்தைக்குத் தாங்கவில்லை. "எழவு ஊட்டுல கையெழுத்து கேக்குறான் பாரு" என்றார். அஞ்சலையம்மா ஊருக்குப் போக வண்டிச் சாவியை எடுத்ததும் வாசலை மறித்துக்கொண்டார்.

"கொள்ளி வெச்சவன் கருமாதி முடியாம ஊர் சுத்தலாமாடா?"

அதுவரை பேசாமல் சுருண்டு கிடந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார். "கோர்ட்டுக்குக் கருமாதி தெரியுமா? எம் பொண்ணு அலைஞ்ச ஊருதான. வழி வுடு, போயிட்டு வரட்டும்."

பாஸ்கர் சார் வெள்ளைச் சட்டையோடு என் குட்டி யானை வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். மீன் வாடைக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டவர் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அதை மடித்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டார். தீட்டு என்பதால் நான் யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை. தெருவில் நின்று ஹாரன் அடிப்பேன், அவர்களே வெளியே வந்து வண்டியின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போடுவார்கள்.

அஞ்சலையம்மா மட்டும் போடவில்லை. மணலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "வேற ஆளுக்குப் போடமாட்டேன் சார்" என்றார்.

"ஊடு போயிடும்மா" என்றார் பாஸ்கர் சார்.

"போனா போவுது. அந்தப் பொண்ணு எடுத்த கேஸு. அது போனதோட முடிஞ்சிச்சி."

நான் என் வழியில் முயன்றேன். "இவரும் ஓசி வக்கீல்தான், அஞ்சலம்மா. மாடல் கொஞ்சம் பழசு, ஆனா நல்லா ஓடும்."

அவர் சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் கையெழுத்துப் போட்டா, அது செத்துப்போச்சின்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆவும்டா. நீ வேணா போடு. என்னால ஆவாது."

பாஸ்கர் சார் மணலிலேயே அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"நீ போடாத, பரவால்ல. ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கோ. தீர்ப்புல ரெண்டு பக்கத்து வக்கீல் பேரையும் எழுதுவாங்க. உன் பக்கம் இப்ப இருக்கிறது அது பேரு ஒண்ணுதான். உன் கொழுந்தன் ஜெயிச்சான்னு எழுதுற காகிதத்துல, தோத்த பக்கத்துல அது பேரு இருக்கும்."

கருவாட்டைத் திருப்பிக்கொண்டிருந்த கை நின்றது.

"அது தோத்துப்போச்சின்னா எழுதுவாங்க?"

"பாக்குறவங்க அப்பிடித்தான் படிப்பாங்க."

"அது தோக்குறதா? அவன்கிட்டயா?" என்று எழுந்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார். "பேனாவக் குடு."

ஒவ்வொரு எழுத்தாக, காகிதம் கிழிந்துவிடுமோ என்று நாங்கள் பயப்படும் அளவுக்கு அழுத்திப் போட்டார்.

வாய்தா அன்று சிதம்பரம் கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்டதும், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இந்தப் பக்கம் ஆஜராக யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். பாஸ்கர் சார் புது வக்காலத்தை நீட்டிக்கொண்டே எழுந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. அஞ்சலையம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். அன்று கோர்ட்டுப் படி இறங்கும்போது, "அந்தக் காகிதத்துல எத்தினி பேரோட பேரு சார் எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஜூனியர்கள் உட்பட ஆபீஸில் இருக்கிற எல்லோர் பெயரும் என்றார் பாஸ்கர் சார். இப்போது அந்த ஆபீஸில் எந்த இலவச வழக்கிலும் ஒருவர் பெயர் மட்டும் இருப்பதில்லை. அக்கா தனியாகச் சுமந்ததை அவர்கள் எல்லோருமாகச் சுமக்கிறார்கள். இதை நிறுத்தப் போவதில்லை என்று இந்த மலரில் எழுதச் சொன்னதும் அவர்கள்தான்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும், ரத்தம் கொடுத்த எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த கடலூர், சிதம்பரம் வக்கீல்களுக்கும், அன்று வாசலை மறித்து இன்று இந்த விருந்துக்கு மீன் குழம்பு வைத்திருக்கும் அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊர் மாறிப் போனவர்களின் ஃபைல்கள் சில இன்னும் அக்காவின் பெயரிலேயே நிற்கின்றன. திருவதிகையிலிருந்த ஒரு குடும்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அப்படிப்பட்டவர்கள் இன்று இந்தப் பந்திக்கு வந்திருக்கலாம், உங்களுக்குத் தெரிந்தவர்களாகவும் இருக்கலாம். பாஸ்கர் சார் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். வயிறாரச் சாப்பிடுங்கள். கையை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடாமல் யாரும் போகக் கூடாது.